ஓர்லிந்தாவின் பின்கண்ணாடி

எங்கள் சங்கத்தில் ஓர்லிந்தா மஸ்கரேனஸைச் சேர்க்கக் கூடாது என்று முதலில் கையைத் தூக்கியவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். வேறு யாராவது உங்கள் காதில் ஓதுவதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

என் பெயர் உபால்டோ ஆர்ச்சுலேட்டா. அமெரிக்காவின் தென்மேற்கில் எஸ்பான்யோலா என்கிற எங்கள் ஊரில் முப்பத்தோரு வருடம் ரோடு போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபது வருடமாக மெல்லப்போவோர் சங்கத்தின் செயலாளர். பழைய அமெரிக்கக் கார்களைத் தேடிப் பிடித்து, தரையோடு தரையாகத் தாழ்த்தி, முகம் தெரிகிற அளவுக்கு பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் நடுவே ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிப்போகிற கூட்டம் நாங்கள். வேகமாகப் போகிறவனை நாங்கள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அவன் காரை யாரால் நின்று பார்க்க முடியும்?

சங்கத்துக்கு ஒரு தகடு உண்டு. சங்கத்தின் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டியெடுத்து, வெள்ளி போல மினுக்கிய தகடு. காரின் பின்கண்ணாடியில் சங்கிலியில் தொங்கும். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரு வருடம் எல்லாக் கூட்டத்துக்கும் வரவேண்டும். காரை நாங்கள் அக்குவேறு ஆணிவேறாகச் சோதிப்போம், அதற்குத் தாங்கவேண்டும். கடைசியாக, ஈஸ்டர் ஞாயிறன்று ஊரிலிருந்து மேட்டில் இருக்கும் சான் ரோக் கோயில் வரை பதினோரு மைல் ஏறி, ஃபாதர் தெளிக்கிற தீர்த்தத்தைக் காருக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வரவேண்டும். போக வர முழுக்கச் சொந்தச் சக்கரத்தில். வேறொரு வண்டி கட்டி இழுத்தாலோ, டிரெய்லரில் ஏற்றினாலோ, வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக்கொண்டாலோ அந்த வருடம் தகடு கிடையாது. ஏற்கெனவே தகடு வைத்திருப்பவன் அப்படிச் செய்தால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இந்த விதியை எழுதியது யார் என்கிறீர்களா? அடியேன்தான். நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஓர்லிந்தா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பதினாலாம் நம்பர் பஸ், இருபத்திரண்டு வருடம். அவள் புருஷன் ஃபீனிக்ஸ் பக்கம் வேலை தேடிப் போனான். வேலையோடு சேர்த்து இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். ஒருநாள் வந்து டிவியைக் கொண்டுபோனான், நாயைக் கொண்டுபோனான். பின்முற்றத்தில் கிடந்த 1951 செவர்லே ஃப்ளீட்லைன் காரை மட்டும் விட்டுவிட்டான். அது ஓடாதே! அதற்குள் நாலு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கோழிகளை இறக்கிவிட்டு அந்தக் காரில் கைவைத்தவள், ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டாள். பஸ் ஷெட்டில் மெக்கானிக்குகள் தூக்கிப்போட்ட இரும்புத் துண்டுகளில் வெல்டிங் பழகினாள். சீட்டுக்கு மெரூன் வெல்வெட்டை அடுப்படி மேஜையில் போட்டுத் தைத்தாள். அந்த மேஜையில் இன்றைக்கும் உடைந்த ஊசி முனை கிடைக்கும் என்பாள் என் மனைவி பிரெஸில்லா. முதலில் நீலம் அடித்தாள், பிடிக்கவில்லை என்று மொத்தத்தையும் சுரண்டினாள். கடைசியில், இலையுதிர்காலத்தில் வீட்டு வாசல்களில் கோத்துத் தொங்கவிடுகிற மிளகாய்ச் சரம் வெயிலில் காய்ந்து ஒரு நிறத்துக்கு வருமே, அந்த நிறத்தில் நிறுத்தினாள். முதுகு சரிந்த அந்தக் காருக்கு அந்த நிறம் எப்படிப் பொருந்தியது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பொறாமை இருக்கிற இடத்தில் பாராட்டு வாயில் வராது. எனக்கும் வரவில்லை.

சங்கத் தலைவர் டெல்ஃபினோ கின்டானாவின் ஷெட்டில்தான் கூட்டம் நடந்தது. அவள் முன்னால் வந்து நின்றாள். விதிப்படி கேள்வி கேட்க வேண்டியவன் நான்.

"காரு யாரோடது?"

"என்னோடது."

"அதில்லம்மா. வேலை பாத்தது யாரு?"

"நான்தான்."

"எஞ்சினுமா?"

"ஆமாண்ணே. ஏன், உங்க எஞ்சினை நீங்களா கட்டுனீங்க?"

ஷெட்டே சிரித்தது. என் புயிக் காரின் எஞ்சினைக் கட்டியவன் டெல்ஃபினோ. அது ஊருக்கே தெரியும்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "இங்க பாரு, இதுவரைக்கும் நம்ம சங்கத்துல பொம்பளைங்க புருஷன் தகட்டுக்குக் கீழ உக்காந்துதான் வந்திருக்காங்க. தனித் தகடு கேட்டு யாரும் வந்ததில்ல. உன் காரு பாக்க நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. மேடு ஏறணுமே! பாதி வழியில நின்னு டிரெய்லர்ல ஏறித்தான் வீட்டுக்கு வரும்."

டிரெய்லர் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வினாடிதான். பிறகு, "சரிண்ணே, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பார்வைக்கு ஒரு கதை உண்டு. அதற்கு ஏழு வருடம் முந்தின ஈஸ்டர். சனிக்கிழமை என் புயிக்கின் ரேடியேட்டர் ஓட்டை. மேடு ஏறினால் மூன்றாவது மைலில் கொதித்து நின்றுவிடும். இறங்குவதில் பிரச்சினை இல்லை. செயலாளரின் கார் போகாமல் இருப்பதா? சித்தப்பா மகனிடம் டிரெய்லர் வாங்கி, காரை ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, விடிவதற்கு முன் பின்பக்கத்து மண்பாதையில் மேலே கொண்டுபோனேன். பாதி வழியில் கட்டு அவிழ்ந்தது. இறங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு காற்று அடித்துத் தார்ப்பாயைத் தூக்கியது. புயிக்கின் வாலும் விளக்குகளும் மொத்தமாக வெளியே. அதே நேரம் வளைவில் ஒரு மஞ்சள் பஸ். விடிகாலைப் பூசைக்கு வயசானவர்களை ஏற்றிக்கொண்டு ஓர்லிந்தா வந்துகொண்டிருந்தாள். பஸ் மெதுவாகியது. கண்ணும் கண்ணும் சந்தித்தன. விளக்கை ஒரு தரம் அணைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் காரைக் கோயில் சுவருக்குப் பின்னால் இறக்கி, துடைத்து, முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சங்கம் வந்து சேர்ந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "என்னப்பா, இவ்வளவு லேட்டா?" என்றுகூடக் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

ஏழு வருடம் அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மஞ்சள் பஸ்ஸைப் பார்த்தால் போஸ்ட் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். அவள் சங்கத்துக்கு வரக் கூடாது என்று நான் நின்றதற்குப் பொம்பளை என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இது.

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் அவளைச் சோதனை உறுப்பினராகச் சேர்த்தார்கள். ஒரு வருடம் ஒரு கூட்டம் தவறாமல் வந்தாள். சோதனை உறுப்பினர்கள் உட்காரும் கடைசி வரிசையில், கதவோரம் குளிரில் உட்கார்ந்தாள். தட்டு நிறையச் சோம்பு போட்ட பிஸ்கட் கொண்டுவருவாள், நானும் வெட்கமில்லாமல் நாலைந்து எடுப்பேன். காரைச் சோதிக்கும் நாளில் குச்சியில் கட்டிய கண்ணாடியை அடியில் விட்டு மூலை மூலையாகப் பார்த்தேன். துரு அகப்படவில்லை. அடிப்பாகம்கூட மேலே இருக்கிற அதே நிறத்தில் மினுங்கியது. கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

ஈஸ்டர் வந்தது. இருபத்திரண்டு கார்கள், வரிசையாக. அவளுக்கு நேர் பின்னால் நான். அவள் காரிலிருந்து ஆவி கிளம்புமா என்று பார்த்துக்கொண்டே பதினோரு மைலும் ஏறினேன். ஒரு பொட்டு ஆவி இல்லை. பஸ்ஸில் நாற்பது உயிரை வைத்துக்கொண்டு பனியில் ஏறி இறங்கியவளுக்கு இந்த மேடு எம்மாத்திரம்?

கோயில் முன்னால் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஃபாதர் ஒவ்வொரு காராகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அவள் முறை வந்ததும் சுவிட்சை அழுத்திக் காரைத் தரையில் மண்டியிட வைத்தாள். எங்கள் கார்களின் டிக்கியில் பம்பும் அதற்கென்று நாலு பேட்டரியும் இருக்கும். பம்ப் எண்ணெயைத் தள்ளினால் கார் எழும், விட்டால் படுக்கும், விட்டு விட்டு அழுத்தினால் முன்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். தீர்த்தம் விழுந்தது. அதோடு எழுப்பிக்கொண்டு கிளம்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

"மிஸ்! ஒரே ஒரு தடவை குதிக்க விடுங்க மிஸ்!"

கத்தியது குழந்தை இல்லை. தாடி வைத்த, முப்பது வயது தடியன்கள். எங்கள் சங்கத்து இளவட்டத்தில் பாதிப் பேர் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் போனவர்கள். இன்றைக்கும் அவர்களுக்கு அவள் மிஸ்தான்.

"டேய், அமைதியா இருந்தாத்தான்," என்றாள். ஒட்டுமொத்தமாக வாயை மூடினான்கள். குதிக்க விட்டாள். இன்னொரு தடவை என்றார்கள். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லையாம், அவர்களுக்காக ஒன்று. அப்புறம் ஃபாதரே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்மா, நான் தண்ணி பாத்திரத்தை நிரப்பப் போயிருந்தேன், பாக்கல," என்றார். அவருக்காக ஒன்று. முடிந்ததும் பஸ் பிள்ளைகள் எல்லாரும் காரைச் சுற்றி நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். போட்டோவுக்குக் கார் படுத்திருந்தால்தானே அழகு? வயிறு தரையைத் தொடும்படி இறக்கினாள். எடுத்தார்கள். எழுப்புவதற்குச் சுவிட்சை அழுத்தினாள்.

'டிக்.'

மறுபடி அழுத்தினாள். 'டிக்.'

பேட்டரி தீர்ந்த அந்தச் சத்தம் தெரியாதவன் எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. கடைசி எழுப்புக்கு பேட்டரியில் மிச்சம் வைக்க வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். இந்தத் தப்பை எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது. நன்றாக ஓடுகிற காரை நாமே ஆசையாகத் தரையில் படுக்க வைத்துவிட்டு, எழுப்ப வழியில்லாமல் முழித்துக்கொண்டு நிற்பது.

ஓர்லிந்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருடமும் ஒரு வருடமும் அந்தச் சரளைக் கல்லில் படுத்துக் கிடந்தது.

டெல்ஃபினோ தன் காரிலிருந்து வயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "ரெண்டு நிமிஷ வேலை. போட்டு எழுப்பிரலாம்."

"விதி?" என்றது ஒரு குரல். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நோட்டுப் புத்தகம் என் சட்டைப் பையில் இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் எனக்கு ஒரு குஷி வந்தது, அசிங்கமான குஷி. அடுத்த நொடியே அது போய்விட்டது. இப்போது சொல்லிவிடுவாள். 'என்னைக் கேக்கிறதுக்கு முன்னாடி இவரு எப்படி ஏறினாருன்னு கேளுங்க' என்று ஒரு வார்த்தை போதும். சொல்வதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "விதி விதிதான் டெல்ஃபினோ அண்ணே. வயரைக் கொண்டுபோய் உள்ள வைங்க," என்றாள். கூந்தலை முடிந்துகொண்டு பானட்டைத் திறந்தாள். எஞ்சின் பேட்டரியைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு டிக்கிப் பக்கம் நடந்தாள்.

"ஒத்தை பேட்டரிக்குப் பம்ப் சுத்தாது மிஸ்," என்றான் ஒரு தடியன்.

"சுத்தும்டா. மெதுவாச் சுத்தும். நம்ம சங்கத்துக்கு என்ன பேரு?"

தன் காரின் பேட்டரி, தன் காரின் பம்ப். விதியில் எங்கேயும் இடிக்கவில்லை. அவள் இணைத்தாள். பம்ப் முனகியது. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு முன்சக்கரத்துக்கு மேலே ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. அப்புறம் இரண்டு விரல். அத்தனை பேரும் குனிந்து அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றோம், ஃபாதர் உட்பட. நாலு சக்கரமும் எழுந்தபோது கோயில் மணி அடிக்கிற ஆள் தானாகவே மணியை அடித்துவிட்டான்.

பேட்டரியை மறுபடி முன்னால் மாட்டி ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் ஒரு தடவை இருமியது, அடங்கியது. பேட்டரியில் இருந்த மிச்சத்தைப் பம்ப் குடித்துவிட்டது.

டெல்ஃபினோ என் அருகே வந்தான். "செயலாளரே, கையால தள்ளிவிட்டா? இறக்கம்தானே? கியர்ல போட்டு விட்டா எடுத்துக்கும். விதி என்ன சொல்லுது?"

விதியில் வேறு வண்டி கூடாது என்றுதான் இருந்தது. மனிதர் கை பற்றி ஒன்றும் இல்லை. விதி இல்லாத இடத்தில் எது சரி என்று சொல்வது என் வேலை. கூடாது என்று நான் தலையை ஆட்டியிருந்தால் அவளுக்குத் தகடு இல்லை. என் ரகசியமும் அப்படியே கிடந்திருக்கும். அவள் இத்தனை நேரம் திறக்காத வாயை இனிமேலா திறக்கப் போகிறாள்?

அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தள்ளலாம்," என்றேன். "ஆனா விதியப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியேட்டர், டிரெய்லர், தார்ப்பாய், காற்று, மஞ்சள் பஸ். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

டெல்ஃபினோதான் வெடித்தான். "அடப்பாவி! அன்னைக்கு எங்களைப் பாத்து ஏன் லேட்டுன்னு கேட்டியேடா!"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. பிரெஸில்லா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

நான் ஓர்லிந்தாவிடம் போனேன். "ஏம்மா இத்தனை வருஷம் யாருகிட்டயும் சொல்லல? இன்னைக்காவது சொல்லியிருக்கலாமே?"

"பஸ்ல எத்தனையோ புள்ளைங்க அழுதிருக்கு, நனைஞ்சிருக்கு. எதையும் நான் வெளிய சொன்னதில்லண்ணே. நீங்க பஸ்ல ஏறல, அவ்வளவுதான் வித்தியாசம்." ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "பாவசங்கீர்த்தனத்தை அப்புறம் ஃபாதர்கிட்ட வச்சுக்கங்க. இப்ப தள்ளுங்க."

தள்ளினோம். பஸ் பிள்ளைகள், டெல்ஃபினோ, அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு ஃபாதர். நடுவில், சரிந்த அந்த முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நான். இவ்வளவு நாள் துணியால் துடைக்கக்கூடப் பயந்த பெயின்டில் பத்துப் பதினைந்து உள்ளங்கைகள். வளைவுக்குப் பக்கத்தில் அவள் கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. நின்றால் மறுபடி எடுக்காது என்று அவளுக்குத் தெரியும். நிற்கவே இல்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனாள். நாங்கள் கத்திக்கொண்டே எங்கள் கார்களுக்கு ஓடினோம்.

ஊர்ப் பூங்காவில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். அங்கேயே ஓட்டெடுத்தோம். எல்லாக் கையும் எழுந்தது. புதுத் தகடு வெட்டி வர மூன்று மாதம் ஆகும் என்றான் டெல்ஃபினோ. நான் என் புயிக்கின் பின்கதவைத் திறந்து சங்கிலியைக் கழற்றினேன். விதிப்படி அதை நான் எட்டு வருடம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். அவள் பின்கண்ணாடியில் நானே மாட்டினேன். அவள் அழுதாள். எனக்கும் மூக்கு ஒழுகியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் சோதனை உறுப்பினர். கடைசி வரிசை, கதவோரம். குளிர் எலும்பில் இறங்குகிற இடம் அது. அவள் அதைப் பற்றி முணுமுணுத்ததே இல்லை என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பிஸ்கட் கொண்டுபோவதும் என் வேலை. முதல் தடவை கருகிவிட்டது, தின்றார்கள்.

நேற்று ஈஸ்டர். காரைச் சோதிக்கும் பொறுப்பை சங்கம் இப்போது ஓர்லிந்தாவிடம் கொடுத்திருக்கிறது. காலையில் வந்தாள். குச்சியில் கட்டிய கண்ணாடியை அடியில் விட்டுப் பார்த்தாள். பானட்டைத் தூக்கி முதலில் ரேடியேட்டர் மூடியைத்தான் திருகினாள்.

"மாத்தியாச்சுல்லண்ணே?"

"அப்பவே மாத்திட்டேம்மா."

நோட்டுப் புத்தகத்தில் 'ஏறலாம்' என்று எழுதினாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க முன்னால போங்க. உங்களுக்கு நேர் பின்னால நான் வரேன்."

"எதுக்கு? ஆவி கிளம்புதான்னு பாக்கவா?"

"இல்லண்ணே," என்று காரில் ஏறினாள். "நின்னுட்டா தள்ளுறதுக்கு ஆள் வேணும்ல."